சிவகாசிக் குழந்தைகள்: கணக்கில் வராத மனம்

சிவகாசி என்றதும் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் ஆகியவை நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது குழந்தைத் தொழிலாளர். இந்தியாவில் குழந்தை உழைப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த ஊரின் பெயர் இடம்பெறாத புத்தகம் அரிது. எத்தனை குழந்தைகள், என்ன வயது, எத்தனை மணி நேரம், என்ன கூலி, எத்தனை பேருக்குத் தீக்காயம் என்றெல்லாம் கணக்கு எடுத்திருக்கிறார்கள். கமிட்டிகள் வந்து போயிருக்கின்றன. உச்ச நீதிமன்றமே இருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மனதுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி மட்டும் இந்தக் கணக்குகளில் சரியாக இடம் பெறவில்லை. அதற்கான காரணத்தை அறிய இந்தத் தொழிலின் வரலாற்றையும், குழந்தை மனநல மருத்துவத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

கரிசல் காடும் தீக்குச்சியும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளைந்தவை. மழை பொய்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இப்படிப்பட்ட இடத்திலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-ல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சுவீடன் நிறுவனத்தின் கிளையாக விம்கோவும் இந்தியாவுக்குள் வந்தது. விம்கோவிடம் பெரிய இயந்திரங்கள் இருந்தன. சிவகாசியில் கைகள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழிலாகத் தீப்பெட்டி செய்பவர்களுக்கு அரசு கலால் வரியில் சலுகை கொடுத்தது. சிறு தொழிலைக் காப்பாற்றும் நல்ல நோக்கம்தான். ஆனால் கையால் செய்தால்தான் சலுகை என்றால் கைகள் ஏராளமாகவும் மலிவாகவும் வேண்டும் அல்லவா? மலிவான கை குழந்தையின் கை.

1940-ல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு உரிமம் பெற்ற பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. சிவகாசியின் சுறுசுறுப்பைப் பாராட்டி அதை 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக அந்த ஊரில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். இதே பகுதியில்தான் கல்விக்கண் திறந்தவர் என்று போற்றப்படும் காமராஜரும் பிறந்தார். 1957-லும் 1962-லும் அவர் சட்டமன்றத்துக்குப் போனது சாத்தூர் தொகுதியிலிருந்து. மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த முதலமைச்சரின் சொந்தத் தொகுதியே தீப்பெட்டி வட்டாரமாக இருந்தது என்பது வரலாற்றின் ஒரு முரண்.

ஊர்க்காரர்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்பார்கள். ஆபீஸ் வண்டி விடியும் முன்பே கிராமத்துக்கு வந்துவிடும். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே பிள்ளைகளை எழுப்பி அனுப்புவது 1970-களிலும் 80-களிலும் அங்கே சாதாரண நடைமுறை. இருட்டில் போய் இருட்டில் திரும்புவார்கள். இவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். மரச் சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பட்டாசுக்குத் திரி வைப்பது, சரம் பின்னுவது ஆகியவை அவர்களின் வேலைகள். இத்தனை சட்டத்துக்கு இத்தனை காசு என்று கூலி. பெற்றோர் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தால், பிள்ளை உடம்பு சரியில்லை என்று படுப்பதற்கும் வழியில்லை.

மனநலக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பட்டியலில் முதலில் தட்டுப்படுவது தூக்கம். பகலில் கற்றது மனதில் பதிவதற்குத் தூக்கம் தேவை. வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களைவிட அதிகத் தூக்கம் வேண்டும். போதிய தூக்கமில்லாத குழந்தைக்குக் கவனம் நிற்காது, எரிச்சல் வரும், சொன்னது மறந்துபோகும். அதனால்தான் பிறவியிலேயே கவனக் குறைபாடு உள்ள குழந்தையையும் தூக்கம் கெட்ட குழந்தையையும் வெளியிலிருந்து பார்த்து எளிதில் பிரித்தறிய முடியாது. மருத்துவர் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் விசாரிப்பார். சிவகாசியில் அப்படி விசாரிக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போய்ச் சேரவே பல பத்தாண்டுகள் ஆயின. அடுத்தது விளையாட்டு. குழந்தை பிறரோடு பேசவும், தோற்கவும், கோபத்தை அடக்கவும் பழகுவது விளையாட்டில்தான். சட்டக் கணக்குக்குக் கூலி வாங்கும் பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளையோடு பேசுகிற ஒவ்வொரு நிமிடமும் காசு நஷ்டம்.

1976: இரண்டு பேருந்துகள்

1976-ல் தீப்பெட்டி ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த சிறுவர் சிறுமியர் பலர் இறந்தனர். குழந்தைகள் வேலைக்குப் போவது அதுவரை எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இப்போது பிணங்களாக வந்ததால் மறைக்க முடியவில்லை. சிவகாசியின் குழந்தை உழைப்பை ஆராய ஹரிபாஸ்கர் தலைமையில் தமிழக அரசு ஒரு விசாரணையை அமைத்தது. 1979-ல் மத்திய அரசு அமைத்த குருபாதசாமி கமிட்டி நாடு முழுவதுமுள்ள குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது.

அதே 1976 ஜூலை 15 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சௌசில்லா என்ற சிற்றூரில் ஒரு பள்ளிப் பேருந்து கடத்தப்பட்டது. அதில் 26 குழந்தைகளும் ஓட்டுநரும் இருந்தார்கள். ஒரு கல் குவாரியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் அவர்களை இறக்கி மூடிவிட்டார்கள். பல மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டுநரும் மூத்த பையன்களும் தோண்டி வழி செய்ய, எல்லோரும் உயிரோடு வெளியே வந்தனர். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. குழந்தைகள்தானே, சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பதே அன்று பலரின் எண்ணம். மருத்துவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் மட்டும் அந்த ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசினார். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் போனார். அவர் பார்த்த ஒரு குழந்தைகூட மறந்திருக்கவில்லை. இருட்டுக்கும் வண்டிக்கும் பயந்தார்கள். கடத்தலையே திரும்பத் திரும்ப விளையாட்டாக நடித்துக் காட்டினார்கள். நீண்ட நாள் உயிரோடு இருப்போம் என்ற நம்பிக்கை பலரிடம் இல்லை. குழந்தைகளின் மன அதிர்ச்சியைப் பற்றிய இன்றைய மருத்துவ அறிவில் அந்த ஆய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இரண்டு நிகழ்ச்சிகளையும் சமமாக வைத்துப் பேச முடியாது. ஒன்று குற்றம், மற்றது விபத்து. ஒன்று பணக்கார நாடு, மற்றது ஏழை நாடு. ஆனாலும் ஒரு வேற்றுமை கவனிக்க வேண்டியது. அங்கே உயிர் பிழைத்த பிள்ளைகளிடம் ஒருவர் போய்ப் பேசினார். இங்கே விசாரணை நடந்தது இறந்த பிள்ளைகளை வைத்து. பிழைத்தவர்களுக்கும், மறுநாள் அதே மாதிரி வண்டியில் ஏற வேண்டியிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தக் கோப்பில் இடமில்லை.

45,000-மா, 2,941-ஆ?

1983-ல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை சிவகாசியை உலகம் அறியச் செய்தது. சுமார் 45,000 குழந்தைகள் இந்தத் தொழிலில் இருப்பதாக அவர் எழுதினார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் மனு உச்ச நீதிமன்றம் போனது. 1990 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பில் வேறொரு கணக்கு இருக்கிறது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, தொழிலாளர் 27,338, அவர்களில் குழந்தைகள் 2,941. பதிவேட்டில் உள்ள ஆலைகளை மட்டும் எண்ணினால் இந்த எண். பதிவேட்டுக்கு வெளியே இருந்த கொட்டகைகளையும் வீட்டுத் திண்ணைகளையும் சேர்த்தால் கோத்தாரி சொன்ன பக்கம் போகும். எண்ணுபவர் எங்கே நின்று எண்ணுகிறார் என்பதைப் பொறுத்துக் குழந்தைகள் தோன்றினார்கள், மறைந்தார்கள்!

அந்தத் தீர்ப்பு குழந்தைகளுக்குப் பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றது. 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய விபத்து நடந்தது. நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்து வழக்கறிஞர்கள் குழு ஒன்றை அனுப்பியது. 1991 நவம்பரில் அந்தக் குழு தந்த பரிந்துரைகளில், பட்டாசு ஆலைகளில் குழந்தைகளே கூடாது, தீப்பெட்டி ஆலைகளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பவற்றோடு வித்தியாசமான ஒன்றும் உண்டு. ஆலையிலோ அருகிலோ பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குக்கும், பிறரோடு பழகுவதற்கும், கல்விக்கும் வசதி செய்து தர வேண்டும் என்பதே அது. சிவகாசி பற்றிய இந்த ஆவணங்களில் மனதுக்கு மிக அருகில் வந்தது இந்த ஒரு வரிதான் எனலாம். ஆனால் ஒரு குழந்தை மற்றக் குழந்தைகளோடு பழகுவதற்கு முதலாளி வசதி செய்து தர வேண்டும் என்று எழுத வேண்டியிருந்ததே, அதுவே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. அபாயத் தொழிலில் குழந்தையை வைத்திருந்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் தர வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். இந்தத் தீர்ப்பாலும், தொண்டு நிறுவனங்களின் உழைப்பாலும், தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் வந்ததாலும் ஆலைகளுக்குள் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதை மறுக்க முடியாது.

'படிப்பு ஏறாத' பிள்ளை

பள்ளியை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் இரண்டு காரணம் சொல்வது வழக்கம். ஒன்று வறுமை. மற்றொன்று, "அவனுக்குப் படிப்பு ஏறல". முதல் காரணத்தைப் பொருளாதார அறிஞர்கள் துருவித் துருவி ஆராய்ந்துவிட்டார்கள். இரண்டாவதைச் சாக்கு என்று தள்ளிவிட்டார்கள். அது முழுக்கச் சாக்குதானா?

எந்த ஊரிலும், எந்தச் சாதியிலும், எந்தப் பொருளாதார நிலையிலும் சில குழந்தைகளுக்கு எழுத்துகள் குழம்பும், சிலருக்குக் கணக்கு பிடிபடாது, சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. டிஸ்லெக்ஸியா, ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் என்றெல்லாம் இன்று சொல்லப்படும் இவை நரம்பு மண்டலம் வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடுகள். கரிசல் காட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் இவை இல்லாமல் இருந்திருக்க முடியாது. பாளையங்கோட்டையிலோ சென்னையிலோ வசதியான வீட்டில் பிறந்திருந்தால் டியூஷன் வைத்திருப்பார்கள். இங்கே பிறந்தவனை வாத்தியார் 'மக்கு' என்றார், வீட்டில் 'மண்டு' என்றார்கள், ஆபீஸ் வண்டி வாசலில் நின்றது. ஒரு கல்வி முறை கைவிட்ட பிள்ளையை ஒரு தொழில் உடனே வாங்கிக்கொண்டது. அதனால் இந்தக் குறைபாடுகள் யார் கண்ணிலும் படவில்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். துறுதுறுவென்று ஓடும் பையனையாவது யாராவது கவனிப்பார்கள். கவனம் சிதறி மௌனமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு 'அடக்கமான பிள்ளை' என்ற பெயர் கிடைக்கும்.

மருத்துவத்துக்கு இதெல்லாம் தெரியாத காலம் அல்ல அது. டாடா சமூகப் பணிக் கல்விக்கூடம் 1937-லேயே பம்பாயில் குழந்தை வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். அமெரிக்காவில் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தது 1943-ல். சென்னையில் கற்றல் குறைபாட்டுக்கென மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. ஆனால் இவை எல்லாம் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் உலகம்.

1987 ஆகஸ்டில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கை வந்து, அதன்படி 1988-ல் ஒன்பது இடங்களில் சிறப்புப் பள்ளித் திட்டம் தொடங்கியது. பிரோசாபாத் கண்ணாடி, சூரத் வைரம், மொராதாபாத் பித்தளை என்ற பட்டியலில் சிவகாசித் தீப்பெட்டியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிகளில் பாடம், மதிய உணவு, கொஞ்சம் உதவித்தொகை, கைத்தொழில் பயிற்சி எல்லாம் உண்டு. இரண்டு மூன்று ஆண்டில் தயார் செய்து சாதாரணப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை எதனால் முதலில் பள்ளியை விட்டதோ அந்தக் காரணம், அது வறுமையாக இல்லாத பட்சத்தில், அப்படியே அதன் கூடவே வந்தது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி அதே எழுத்துகளோடு அது போராட வேண்டும்.

கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இந்தியச் சட்டத்தில் மாற்றுத்திறன் பட்டியலில் முழுமையாகச் சேர்ந்தது 2016-ல்தான். (ஆட்டிசத்துக்கு 1999-லேயே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம் கிடைத்தது.) அதற்குச் சற்று முன், 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற சிறார் நலத் திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போகும் மருத்துவக் குழுவின் படிவத்தில் முதல் முறையாகக் கவனக்குறைவும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றன. சிறப்புப் பள்ளித் திட்டமோ 2021 ஏப்ரல் முதல் சமக்ர சிக்ஷா என்ற பொதுக் கல்வித் திட்டத்தில் கரைக்கப்பட்டுவிட்டது. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தபோது பெரும்பாலான காலம் இந்தப் படிவம் இல்லை. படிவம் வந்து எட்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளி இல்லை.

பயந்த கோளாறு

அரசின் கோப்பில் இல்லாத ஒரு சொல் ஊர் வழக்கில் இருந்தது. வெடிச் சத்தத்துக்குப் பின் தூக்கத்தில் அலறும், சாப்பிடாமல் கிடக்கும், தாயை விட்டு நகராத குழந்தையைப் பார்த்துப் பாட்டிகள் 'பயந்த கோளாறு' என்பார்கள். கோயிலில் விபூதி மந்திரித்துப் போடுவார்கள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி வருவார்கள், கையில் கயிறு கட்டுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எளிது. ஆனால் குழந்தைக்கு உடம்பில் காயமில்லாமலே ஒரு நோய் வந்திருக்கிறது, அது பயத்தால் வந்தது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அந்தப் பாட்டி கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டதே 1980-ல்தான்!

குறை இருப்பது அடுத்த கட்டத்தில். மந்திரித்தும் சரியாகாத பிள்ளையை எங்கே கொண்டுபோவது? 1985 வரை விருதுநகர் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் கடலோரத்தில்தான் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். தென்மாவட்டங்களில் மனநலச் சிகிச்சை எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை அந்தத் தீ நாட்டுக்கே காட்டியது. மாவட்ட மனநலத் திட்டம் 1990-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. மற்ற மாவட்டங்களுக்கு அதன்பின் படிப்படியாக வந்தது. அதுவரை சிவகாசிக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் மதுரைதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தில் போய் வர வேண்டும்.

குழந்தைகளின் மன அதிர்ச்சியைப் பற்றித் தமிழ்நாடு வாய்விட்டுப் பேசத் தொடங்கியது 2004-ல் எனலாம். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். டிசம்பர் 26 அன்று சுனாமி. கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லி, விளையாடவைத்து, பேசவைத்த பணி பரவலாக நடந்தது. 'கவுன்சலிங்' என்ற சொல் கிராமத்துக்கு வந்தது அப்போதுதான்.

சிவகாசியின் சிக்கல், அதன் பேரிடர் ஒரே நாளில் வந்து முடிவதில்லை என்பது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். அவர்களில் பலர் காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடையில் செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துபோன சிறு விபத்துகள் ஆண்டுதோறும். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ளன. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தொலைவில் ஒரு சத்தம் கேட்டால், அது அம்மா வேலை செய்யும் ஆபீஸா, சித்தப்பா வேலை செய்யும் ஆபீஸா என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் எதுவும் ஆகியிருக்காது. மாலையில் அம்மா திரும்பி வருவாள். ஆனால் அடுத்த சத்தத்துக்கும் அதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆலைக்குள் ஒரு நாளும் கால் வைக்காத, சட்டப்படி எந்தக் குறையும் இல்லாமல் பள்ளிக்குப் போய்வரும் இன்றைய தலைமுறையின் நிலை இது.

பட்டாசில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பயன்படுத்த 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வழக்கு 2015-ல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் தொடுக்கப்பட்டது. அவர்களின் நுரையீரலுக்காக வாதாடினார்கள். தடை செய்யப்பட்டவற்றில் ஈயமும் பாதரசமும் வளரும் மூளையைப் பாதிக்கக்கூடியவை என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. மருந்துப் பொடி ஒட்டிய சேலையோடு வீடு திரும்பும் தாயின் மடியில் உட்காரும் குழந்தைக்கும் அந்தத் தடையால் நன்மை உண்டு. ஆனால் அந்தக் குழந்தை மனுதாரர் அல்ல.

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியது. அதாவது நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர். 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மதுரைக்குப் பேருந்து ஏறும் தேவை ஓரளவு குறைந்திருக்கிறது.

ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, பலத்த காயமடைந்தவருக்கு இவ்வளவு, லேசான காயமடைந்தவருக்கு இவ்வளவு. அந்த நேரத்தில் பள்ளியில் இருந்த பிள்ளை இதில் எதிலும் சேராது. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். நிவாரணத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வரி எழுதப்பட்டது அப்போதுதான். அந்த வரியில் இருப்பது படிப்புச் செலவு.